பின்னால் 112 டவுன்ஹவுஸ் வருகிறது: ரோடு விஷயத்தில் ஊர் போர்டுக்கு உண்மையிலேயே அதிகாரம் இல்லையா? (நியூ ஜெர்சி)

ராரிட்டன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். மத்திய நியூ ஜெர்சியில் ஒரு டவுன்ஷிப்பில் பதினோரு வருஷமாக இருக்கிறோம், ஊர் பெயர் இப்போதைக்கு வேண்டாம். எங்கள் தெரு ஒரு முட்டுத்தெரு. கடைசியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் மக்காச்சோளக் கொல்லை. அந்தத் தடுப்புக்கு முன்னால்தான் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் சைக்கிள் பழகினார்கள், என் பெரியவளும் அங்கேதான் விழுந்து எழுந்தாள். இப்போது அந்தக் கொல்லையில் 112 டவுன்ஹவுஸ் (சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டுகிற வீடுகள்) வருகிறது. தடுப்பை எடுத்துவிட்டு எங்கள் தெருவை அப்படியே உள்ளே நீட்டப் போகிறார்கள். அந்த நிலத்திலிருந்து 200 அடிக்குள் இருப்பதால் வீட்டுக்குத் தபாலில் நோட்டீஸ் வந்தது, போன வாரம் பிளானிங் போர்டு (இந்த மாதிரித் திட்டங்களுக்கு அனுமதி கொடுக்கிற ஊர்க் குழு) ஹியரிங்குக்குப் போனோம்.

அங்கே நடந்ததுதான் மனசை உறுத்துகிறது. முப்பது பேருக்கு மேல் போயிருந்தோம். புது ரோட்டை 28 அடிக்குப் பதில் 36 அடியாகப் போடச் சொல்லுங்கள், வீட்டுக்கு மூன்று பார்க்கிங் கேளுங்கள், வேகத்தடை போடுங்கள் என்று ஒவ்வொருவராக மைக்கில் சொன்னோம். எல்லாவற்றுக்கும் போர்டு வக்கீல் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: இது ஆர்.எஸ்.ஐ.எஸ் (Residential Site Improvement Standards), புதுக் குடியிருப்புகளுக்கான மாநில விதி, இதற்கு மேல் கேட்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. சொத்து வரி கட்டுவது இந்த ஊரில், பனி பெய்தால் தெருவில் தள்ளுவது இந்த ஊர் வண்டி, ஆனால் ரோடு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு மட்டும் ஊருக்கு உரிமை கிடையாதா? பக்கத்து வீட்டுப் பெரியவர், நாற்பது வருஷமாக அதே வீட்டில் இருப்பவர், எழுந்து "அப்புறம் எதற்கு எங்களைக் கூப்பிட்டீர்கள்" என்று கேட்டார். மேடையில் யாரும் பதில் சொல்லவில்லை.

இது உண்மையா, இல்லை எங்களைச் சமாதானப்படுத்தி அனுப்பச் சொன்ன பேச்சா? உண்மை என்றால் நாங்கள் கேட்க என்னதான் மிச்சம் இருக்கிறது? அடுத்த ஹியரிங்குக்கு மூன்று வாரம் இருக்கிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது தெளிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

அளவுச்சங்கிலி:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சிவில் இன்ஜினியர், பதினான்கு வருஷமாகப் பெரும்பாலும் பில்டர்களுக்காகத்தான் சைட் பிளான் போடுகிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வக்கீல் சொன்னது சட்டப்படி சரி, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். நியூ ஜெர்சியில் இன்றைக்கு 564 ஊராட்சிகள் இருக்கின்றன. முன்பெல்லாம் ஊருக்கு ஒரு ரோடு அகலம், ஊருக்கு ஒரு கர்ப் (ரோட்டோர விளிம்புக் கல்), ஊருக்கு ஒரு பைப் கணக்கு. ஒரு ஊரில் பாஸ் ஆன டிசைனை ஆற்றைத் தாண்டிப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோனால் முதலிலிருந்து வரைய வேண்டும். அந்தச் செலவெல்லாம் கடைசியில் வீடு வாங்குகிறவர் தலையில்தான் விழும். இதை ஒழுங்குபடுத்த 1993இல் மாநில சட்டசபை ஒரு சட்டம் போட்டது, டி.சி.ஏ என்கிற சமூக விவகாரத் துறை அதன் கீழ் விதிகளை எழுதி 1997 ஜூனில் நடைமுறைக்கு வந்ததுதான் ஆர்.எஸ்.ஐ.எஸ். தெரு, பார்க்கிங், குடிநீர், சாக்கடை, மழைநீர் எல்லாம் அதற்குள் வருகிறது. இந்த விதியில் பலரும் கவனிக்காத விஷயம், குடியிருப்புத் திட்டத்துக்கு இது அடித்தளமும் கூரையும் இரண்டும்தான். பில்டர் இதற்குக் கீழே போக முடியாது, ஊர் இதற்கு மேலே கேட்க முடியாது.

இனி உங்கள் 28 அடிக்கு வருகிறேன். எதிரும் புதிருமாக வண்டி ஓட பத்துப் பத்தாக 20 அடி, ஒரு பக்கம் நிறுத்த 8 அடி, ஆக மொத்தம் 28. இதை 36 ஆக்கச் சொன்னீர்கள் என்று படித்ததும் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது, ஏனென்றால் உங்கள் கவலை பிள்ளைகளைப் பற்றியது, கேட்டதோ அந்தப் பிள்ளைகளுக்கே எதிரான விஷயம். ரோடு அகலமாக அகலமாக வண்டி வேகமாகத்தான் போகும். பகலில் பாதி வீட்டுக் கார்கள் வேலைக்குப் போய்விடும், அப்போது அந்த 36 அடி முழுவதும் காலியாகக் கிடக்கும். 25 மைல் போர்டு வைத்திருந்தாலும் கால் தானாக அழுத்தும். உங்கள் தெருவிலேயே மாலை நாலு மணிக்கு நின்று பாருங்கள், ஒரு யூ.பி.எஸ் வண்டி ஓரமாக நின்றாலே பின்னால் வருகிறவர் வேகத்தைக் குறைத்துவிடுவார். குறுகின ரோடு செய்கிற வேலை அதுதான்.

பார்க்கிங்கிலும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். மூன்று படுக்கையறை டவுன்ஹவுஸுக்கு விதி கேட்பது 2.4 இடம். அதில் 0.5 விருந்தாளிகளுக்கு, அது தெருவிலோ பொது பார்க்கிங்கிலோதான் இருக்க வேண்டும், வீட்டு டிரைவ்வேயில் காட்ட முடியாது. 112 வீட்டுக்கும் மூன்று படுக்கையறை என்றால் மொத்தம் 269 இடம், அதில் 56 பொதுவில். பிளானில் அந்த 56ஐ விரல் வைத்து எண்ணிப் பாருங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஹைட்ரன்ட் (தீயணைப்புக் குழாய்) முன்னால், ஸ்டாப் சைனுக்குப் பக்கத்தில் எல்லாம் பெட்டி வரைந்து எண்ணிக்கையில் சேர்த்த பிளான்களை நான் பார்த்திருக்கிறேன். ஹைட்ரன்டிலிருந்து 10 அடி, நடைகடப்பிலிருந்து 25 அடி, ஸ்டாப் சைனிலிருந்து 50 அடிக்குள் வண்டி நிறுத்தக்கூடாது என்பது மாநிலப் போக்குவரத்துச் சட்டம். அங்கே வரைந்த இடம் இடமே இல்லை.

ட்ராஃபிக் அதிகமாகும் என்று மட்டும் சொல்லி இதை நிறுத்த முடியாது. 1984இல் நார்த் பிரன்ஸ்விக் டவுன்ஷிப் மேல் டங்கின் டோனட்ஸ் போட்ட வழக்கிலிருந்தே, ஜோனிங் (எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்கிற ஊர் விதி) அனுமதித்த ஒரு திட்டத்தை வெளிரோட்டில் கூட்டம் கூடும் என்ற காரணத்துக்காகப் பிளானிங் போர்டு மறுக்க முடியாது என்று ஆகிவிட்டது. அப்படிப் பேசினால் போர்டு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், வேறொன்றும் நடக்காது. ஆனால் எண்ணிக்கை வேறு விஷயம். வீட்டுத்தெரு என்கிற வகைக்கு ஒரு நாளைக்கு 1,500 வண்டி ஓட்டம்தான் உச்சவரம்பு. தனி வீடு ஒன்றுக்குச் சுமார் 10 ஓட்டம், டவுன்ஹவுஸுக்குச் சுமார் 6 என்று கணக்கு. உங்கள் தெருவில் எத்தனை வீடு?

ராரிட்டன்வாசி:

@அளவுச்சங்கிலி, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி சார். எங்கள் தெருவிலும் அதில் வந்து சேரும் இரண்டு கிளைத்தெருவிலும் சேர்த்து 84 வீடு. 36 அடி விஷயத்தில் நீங்கள் சொன்னது முதலில் ஏற்க மனமில்லை, ஆனால் நேற்று மாலை வாசலில் நின்று பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியேதான் நடக்கிறது.

அளவுச்சங்கிலி:

84க்கு 840, 112க்கு 672, கூட்டினால் 1,512. அதாவது புதிதாக வருகிறவர்கள் அத்தனை பேரும் உங்கள் தெரு வழியாகவே போய் வந்தால் வரம்பை ஒட்டித் தாண்டுகிறது. புதுக் குடியிருப்புக்குக் கவுன்டி ரோட்டில் இன்னொரு வாசல் இருக்குமே, அதில் பாதி போகும் என்று எழுதினால் பிரச்சினை தீர்ந்தது. ஆகவே ட்ராஃபிக் ரிப்போர்ட்டில் எத்தனை சதவீதம் எந்த வாசல் வழியே என்று பிரித்திருக்கிறார்கள், ஏன் அப்படிப் பிரித்தார்கள் என்று அவர்களுடைய ட்ராஃபிக் இன்ஜினியரைக் கேளுங்கள். சத்தியப் பிரமாணம் செய்துதான் அவர் சாட்சி சொல்வார், பொதுமக்கள் குறுக்கே கேள்வி கேட்க உரிமை உண்டு. கவுன்டி ரோட்டில் காலையில் இடது பக்கம் திரும்ப முடியாமல் நிற்க வேண்டியிருந்தால் ஜனங்கள் எந்தப் பக்கம் வருவார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. ஸ்கூல் பஸ் நேரத்தில் ரெண்டு நாள் வீடியோ எடுத்து வையுங்கள்.

பூவரசம்பூ:

நான் இன்ஜினியர் இல்லை, ஒரு டவுன்ஹவுஸில் எட்டு வருஷமாகக் குடியிருக்கிறேன், அதனால் உள்ளேயிருந்து சொல்கிறேன். இந்த விதி காகிதத்தில் எப்படி இருக்கிறது என்பதற்கும் தரையில் எப்படி இறங்குகிறது என்பதற்கும் நடுவில்தான் எங்கள் வாழ்க்கை மாட்டிக்கொண்டது.

எங்கள் வீட்டில் ஒரு கார் கராஜ், முன்னால் ஒரு கார் நிற்கிற டிரைவ்வே. விதிப்படி இது இரண்டு இடம். ஆனால் எங்கள் வரிசையில் யார் வீட்டு கராஜில் கார் நிற்கிறது? அரிசி மூட்டை, குழந்தை ஸ்ட்ரோலர், குளிர்கால டயர், ஊருக்கு அனுப்பக் கட்டி வைத்த பெட்டி, எங்கள் வீட்டில் மாவரைக்கிற டேபிள் டாப் கிரைண்டர் வரைக்கும் அங்கேதான். அப்படியானால் ஒரு கார் டிரைவ்வேயில், இன்னொரு கார் தெருவில். தெருவில் இடமில்லாமல் ராத்திரி ஒன்பது மணிக்குப் பொது பார்க்கிங்கைச் சுற்றிக்கொண்டிருப்போம்.

இது கூடப் பரவாயில்லை. டிரைவ்வே நீளம்தான் பெரிய வேதனை. அந்தக் கராஜ் டிரைவ்வே கணக்குக்கு, கராஜ் கதவிலிருந்து 18 அடி நீளம் இருக்க வேண்டும். பொதுத் தெருவாக இருந்தால் தெருவின் எல்லைக்கோடு வரை அளப்பார்கள், நடைபாதை அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கும். எங்களுடையது தனியார் ரோடு. எங்கள் பிளானில் நடைபாதையையும் உள்ளே சேர்த்து அளந்திருந்தார்கள், அது எங்களில் யாருக்கும் தெரியாது. குடி வந்த பிறகு ஒரு நாள் என் வீட்டுக்காரர் டேப் வைத்து அளந்தார். கதவிலிருந்து நடைபாதை வரைக்கும் 14 அடி, அப்புறம் 4 அடி நடைபாதை. எங்கள் ஹோண்டா பைலட் பதினாறடிக்கு மேல். அதன் பின்பக்கம் நடைபாதையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அம்மா தஞ்சாவூரிலிருந்து ஆறு மாதம் வந்திருந்தார்கள். முழங்கால் வலி, வாக்கரோடுதான் நடப்பார்கள். சாயந்திரம் நடக்கப் போனால் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நடைபாதையை விட்டு இறங்கி ரோட்டில் நாலு அடி நடந்து, திரும்ப ஏற வேண்டும். மூன்றாவது நாள் "வேண்டாம்மா, வீட்டுக்குள்ளேயே நடந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்கள். ஆறு மாதமும் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துவிட்டு ஊருக்குப் போனார்கள்.

நாங்கள் புகார் கொடுக்கும்போது எல்லாம் முடிந்துபோயிருந்தது. ஊர் கை விரித்தது, பில்டர் பக்கத்திலிருந்து கடிதத்துக்குப் பதிலே இல்லை. கான்கிரீட் போட்ட பிறகு ஒரு அடி கூட யாரும் நகர்த்த மாட்டார்கள். அதனால் ராரிட்டன்வாசி, காகிதத்தில் இருக்கும்போதே அந்த 18 அடி எங்கிருந்து எங்கே என்று கேட்டு ரெக்கார்டில் ஏற்றுங்கள். அங்கே குடிவரப் போகிறவர்கள் இன்றைக்கு அந்த அறையில் இல்லை, அவர்களுக்காகப் பேச உங்களைத் தவிர ஆள் இல்லை.

இன்னொன்று. உள்ரோடு தனியார் ரோடா என்று பாருங்கள். தனியார் ரோட்டில் ஊர் போலீஸ் தானாக வந்து வேகத்துக்கு டிக்கெட் கொடுக்காது, குடியிருப்போர் சங்கம் எழுதிக் கேட்டு, ஊர் சம்மதித்த பிறகுதான் போக்குவரத்துச் சட்டத்தை அங்கே நடைமுறைப்படுத்த முடியும். எங்களுக்கு அது தெரியவே ஐந்து வருஷம் ஆனது.

கல்மேடு:

எல்லோரும் விதிக்குள்ளேயே நின்று பேசுகிறீர்கள். மாநிலத் தலைநகர் டிரென்டனில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எங்கள் தெரு எப்படித் தெரியும்? இங்கே களிமண் தரை, மழை பெய்தால் மூன்று நாள் தண்ணீர் நிற்கும், அங்கே கடற்கரை ஊரில் மணல். எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டை தைத்தால் எப்படி? ஊர் ரோட்டை ஊர் தீர்மானிக்கட்டும், தப்பு செய்தால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம். மாநிலத் துறையை யார் தேர்தலில் மாற்றுவது? இதில் லாபம் பில்டர்களுக்கு மட்டும்தான்.

வேலியோரம்:

@கல்மேடு, உங்கள் கோபம் புரிகிறது தம்பி. நான் வேறொரு ஊரில் ஆறு வருஷமாகப் பிளானிங் போர்டில் இருக்கிறேன், சம்பளம் கிடையாது, மாதம் இரண்டு ராத்திரி போகும். நீங்கள் கேட்ட இதே கேள்வியை ஊராட்சிகளின் கூட்டமைப்பே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 1999இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எத்தனை வீடு, என்ன மாதிரி வீடு, எங்கே கடை என்கிற ஜோனிங் அதிகாரம் ஊரிடமே இருக்கிறது, ரோடு பைப் மாதிரியான தொழில்நுட்ப அளவுகளை மாநிலம் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

ஏன் இப்படி ஒரு சட்டம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த மாநிலத்தில் மவுன்ட் லாரல் வழக்கு என்று ஒன்று உண்டு, 1975லும் 1983லும் இரண்டு பெரிய தீர்ப்புகள். குறைந்த வருமானக்காரர்கள் உள்ளே வர முடியாதபடி ஊர்கள் விதி எழுதக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. நேரடியாக வராதே என்று எழுதத் தேவையில்லை. ரோடு இவ்வளவு அகலம், கர்ப் கிரானைட்டில், பார்க்கிங் இத்தனை என்று ஏற்றிக்கொண்டே போனால் வீட்டு விலை தானாக ஏறிவிடும். எல்லா ஊரும் கெட்ட எண்ணத்தில் செய்தது என்று சொல்லவில்லை, ஆனால் விளைவு அதுதான். நான் இந்த மாநிலத்துக்கு வந்தபோது இரண்டு படுக்கையறை கார்டன் அபார்ட்மென்டில் நாலு பேர் இருந்தோம். அந்த மாதிரிக் கட்டடமே வராதபடி ஒரு ஊர் ரோடு விதி எழுதியிருந்தால் நான் அங்கே வந்தே இருக்க முடியாது. எனக்கு இந்த விதியில் ஆயிரம் குறை உண்டு, ஆனால் இதை எடுத்துவிட வேண்டும் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

சரி, களிமண் விஷயம் நியாயமான கேள்வி. அதற்கு விதியிலேயே வழி இருக்கிறது, வக்கீல்கள் ஹியரிங்கில் அதை விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஊரில் ஒரு பகுதிக்குத் தனி அளவுகள் வேண்டும் என்றால் சிறப்புப் பகுதி விதி என்று எழுதி மாநிலத்திடம் ஒப்புதல் வாங்கலாம். விதியை அப்படியே நடைமுறைப்படுத்தினால் பொதுமக்கள் பாதுகாப்புக்கு ஆபத்து என்று காட்ட முடிந்தால் ஊரே வெய்வர் (விதிவிலக்கு) கேட்டு மனுப் போடலாம். டீ மினிமிஸ் எக்செப்ஷன் என்பது சின்னச் சின்ன விலகல், அதை விண்ணப்பதாரர் கேட்டால் போர்டே அங்கேயே கொடுத்துவிடலாம். கடைசியாக, பில்டரும் ஊரும் மனமொத்து விதிக்கு மேலே செய்ய ஒப்புக்கொண்டு எழுத்தில் போடலாம். பத்து ஹியரிங்கில் எட்டில் உண்மையாக வேலை நடப்பது இந்தக் கடைசி வழியில்தான். போர்டு கட்டாயப்படுத்தக்கூடாது, ஆனால் கேட்கலாம். பில்டருக்கும் சீக்கிரம் அனுமதி வேண்டும், ஒரு உயர்த்தின நடைகடப்புக்காக இன்னும் இரண்டு மாதம் இழுக்க அவர் விரும்ப மாட்டார்.

ராரிட்டன்வாசி கேட்ட வேகத்தடை பற்றி. உங்கள் பழைய தெருவும் புதுத் தெருவும் சட்டத்தில் ஒன்று கிடையாது. ஆர்.எஸ்.ஐ.எஸ் புதிதாகப் போடுவதற்குத்தான். ஏற்கெனவே இருக்கிற உங்கள் தெருவில் ஊருக்குக் கை நிறைய அதிகாரம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 3,000 வண்டிக்குக் குறைவாக, 30 மைல் அல்லது அதற்குக் கீழே வேகவரம்போடு, வேறு ஊர்த் தெருவோடு நேராகச் சேராத குடியிருப்புத் தெருவில், டி.ஓ.டி என்கிற மாநிலப் போக்குவரத்துத் துறையின் தொழில்நுட்ப அளவுகளை மதித்து ஊரே வேகத்தடை போடலாம். ஆகவே அந்தக் கோரிக்கையைப் பிளானிங் போர்டில் வைக்காதீர்கள், கவுன்சில் கூட்டத்தில் வையுங்கள். தவறான கதவைத் தட்டினால் உள்ளே இருக்கிறவர் நல்லவராக இருந்தாலும் திறக்க முடியாது.

இதே மாநிலத்தில் இருக்கிற ஹோபோகன் நகரத்தைப் பாருங்கள். மூலைகளில் வண்டி நிறுத்த முடியாதபடி குச்சி நட்டு, தொட்டி வைத்து, கர்ப்பை வெளியே இழுத்து, நடப்பவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி செய்தார்கள். 2017க்குப் பிறகு ஏழு வருஷத்துக்கு மேல் அங்கே சாலை விபத்தில் ஒரு உயிர் கூடப் போகவில்லை. அது எல்லாம் பழைய தெருக்கள், செய்தது ஊர் நிர்வாகம்.

கல்மேடு:

சிறப்புப் பகுதி விதி இருப்பது எனக்குத் தெரியாது அண்ணா. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், அதற்கு மாநிலத்திடம் போய்க் கையெழுத்து வாங்க இன்ஜினியர் ரிப்போர்ட், வக்கீல் செலவு எல்லாம் ஊர்ப் பணத்தில்தானே? சின்ன ஊர் எங்கே போகும்?

வேலியோரம்:

உண்மைதான், அதை மறுக்க முடியாது. எங்கள் ஊரிலும் ஒரு முறை பேச்சு வந்து செலவைக் கேட்டு அப்படியே நின்றது. அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி.

ராரிட்டன்வாசி:

பூவரசம்பூ அக்கா எழுதியதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. நாங்கள் இதுவரைக்கும் அந்த 112 வீட்டை ஒரு தொல்லையாக மட்டும்தான் பார்த்தோம், உள்ளே யாரோ ஒருத்தர் அம்மா நடக்கப் போகிறார்கள் என்று யோசிக்கவே இல்லை.

நேற்று டவுன்ஷிப் ஆபீஸில் பிளானைப் பார்த்தேன். (ஹியரிங்குக்குப் பத்து நாள் முன்னாலேயே பொதுமக்கள் பார்க்க வைத்திருக்க வேண்டுமாம், கவுன்ட்டரில் இருந்த அம்மாள் ரொம்ப உதவியாக இருந்தார்.) விருந்தாளிப் பார்க்கிங் 56 என்று போட்டிருந்தார்கள், எண்ணினால் 56 வருகிறது, ஆனால் அதில் மூன்று ஸ்டாப் சைனிலிருந்து 50 அடிக்குள் இருக்கிற மாதிரி தெரிகிறது. ரோடு தனியார் ரோடுதான். 36 அடிக் கோரிக்கையை விட்டுவிட்டோம். பழைய தடுப்பு இருக்கிற இடத்தில், எங்கள் தெருவும் புதுத் தெருவும் சேர்கிற இடத்தில், கர்ப்பை இரண்டு பக்கமும் ரோட்டுக்குள் தள்ளி ஒரு உயர்த்தின நடைகடப்பு போடப் பில்டர் ஒப்புக்கொள்வாரா என்று கேட்கப் போகிறோம். வேகத்தடைக்குக் கவுன்சிலுக்குத் தனி மனு, தெருவில் 61 வீடு கையெழுத்துப் போட்டாயிற்று.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. தெருவை முழுசாகத் திறக்காமல், தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் மட்டும் போகிற மாதிரி கேட் போடச் சொல்லலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதைக் கேட்கலாமா?

அளவுச்சங்கிலி:

கேட்கலாம், ஆனால் கிடைக்கும் என்று நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள். தெருக்கள் எப்படி ஒன்றோடொன்று சேர வேண்டும் என்பது ஊரின் மாஸ்டர் பிளானில் இருக்கிற போக்குவரத்து வரைபடத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று விதியே சொல்கிறது, அதனால் முதலில் அந்த வரைபடத்தில் உங்கள் முட்டுத்தெரு நீட்டப்படும் என்று புள்ளிக்கோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் தெரு போட்டபோதே பிற்காலத்தில் நீட்டுவதற்காகத்தான் அப்படித் தடுப்போடு விட்டிருப்பார்கள், பெரும்பாலும் இப்படித்தான் செய்வது வழக்கம். அப்படி இருந்தால் போர்டு கேட்டை ஏற்பது கஷ்டம். எனக்கு என் சொந்த அபிப்பிராயம், கேட் வேண்டாம். தெரு சேர்ந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் உங்கள் பக்கத்துப் பள்ளிக்கு நடந்து வரலாம், கேட் போட்டால் எல்லோரும் கவுன்டி ரோட்டைச் சுற்றிக் காரில்தான் வர வேண்டும். மெதுவாகப் போக வைக்கிற நடைகடப்புதான் நல்ல கோரிக்கை.

அந்த மூன்று பார்க்கிங் பெட்டியை ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள், "மாதிரி தெரிகிறது" என்று சொன்னால் அவர்களுடைய இன்ஜினியர் இரண்டு நிமிஷத்தில் மறுத்துவிடுவார். டிரைவ்வே 18 அடியையும் அப்படியே, கராஜ் கதவிலிருந்து நடைபாதையின் வீட்டுப்பக்க விளிம்பு வரைக்கும். அளவுகள் லேஅவுட் ஷீட்டில் இருக்கும், இல்லாவிட்டால் கிரேடிங் ஷீட்டில் (தரை மட்டங்களைக் காட்டுகிற தாள்) பாருங்கள். பிரின்ட் வாங்கும்போது 24க்கு 36 அங்குல முழு ஷீட்டாகவே வாங்குங்கள், சின்னத் தாளுக்குச் சுருக்கி எடுத்தால் ஓரத்தில் போட்டிருக்கும் ஸ்கேல் பொய்யாகிவிடும், பிறகு நீங்கள் அளந்தது எதுவும் நிற்காது. முடிந்தால் மூன்று பெட்டி இருக்கிற பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.